வரம்பில் நின்று சொன்ன புத்தி

ராத்தா,

உங்கள் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது எனக்கு ஒரு யூரியாச் சாக்கை விரித்துத் தந்தார்கள். கழுவிக் கழுவி எழுத்தெல்லாம் மங்கிப்போன சாக்கு. வாடை மட்டும் போகவில்லை. மூக்கின் உள்ளே ஏறிக் குத்துகிற அந்த வாடையோடு இத்தனை வருடம் வேலை செய்தவன் நான். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால் வந்தது. பார்த்தவர்கள், பாவம், கூடப்பிறந்தவன் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அழவில்லை. மையவாடியில் உங்களைத் தலைப்பக்கம் பிடித்துக் குழிக்குள் இறக்கியவன் நான்தான், அப்போதும் அழவில்லை. மண் நல்ல ஈரம், மழை வந்தால் உள்ளே இறங்கும், மேட்டை உயர்த்திப் போடச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். விவசாயக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு மண்ணைக் கண்டால் வேறென்ன தோன்றும். வீட்டுக்கு வந்து குளித்தேன், சோறு தின்றேன், படுத்தேன், நித்திரையும் வந்தது. நாற்பது நாளும் அப்படியே போயிற்று. உள்ளே ஒரு பக்கம் விறைத்துக் கிடக்கிறது, பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி.

வெங்காயம் பாதி முடிந்திருந்த நேரம் நேசம்மா பின்வாசலால் வந்தாள். சவளக்கடையில் உங்கள் வயலில் புல்லுப் பிடுங்க வரும் பெண்களைக் கூட்டி வருகிறவள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பயந்து கிடக்கிற இப்போதைய நிலைமையில் ஒரு தமிழ்ப் பெண் தனியாக ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கிற கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது லேசான காரியமில்லை. வந்திருந்தாள். என் முன்னால் குந்தி, தானும் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு ஐயா நீங்க வரம்புல நிண்டு யூரியா போடச் சொல்லக்குள்ள, ராத்தா என்ட பக்கத்துல குனிஞ்சி நிண்டவ. தெரியுமா ஒங்களுக்கு?"

"எண்டைக்கு?"

"பயிர் எரிஞ்ச வருசம்."

தெரியாது என்றேன்.

"மாப்பிளட நீளக்கைச் சட்டையப் போட்டு, முகத்தச் சுத்தித் துண்டு கட்டி, எங்களோட உழவு மெசின் பெட்டில ஏறி வந்தவ. ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு சத்தியம் வாங்கினவ. இனி ஆளே இல்ல. அதான் சொல்றன்."

உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். நான் மிச்சத்தையும் உரித்து முடித்தேன். கத்தம் ஓதினார்கள், சோறு கொடுத்தார்கள், எல்லோரும் போனார்கள். இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்த மூன்று ஏக்கரும் உங்களுடையது. நம்மூர் வழக்கம் அதுதானே: வீடும் வயலும் பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். உங்கள் கல்யாணத்துக்கு வாப்பா அதை உங்கள் பேரில் எழுதினார். காணி உறுதியில் உங்கள் பேர் இருந்தது. வயல் வட்டையில் அதற்கு உங்கள் மாப்பிள்ளையை வைத்து "மச்சான்ட வயல்" என்று பேர். என் குறிப்பேட்டிலும் அப்படித்தான். விவசாயியின் பெயர் என்ற கட்டத்தில் மச்சானின் பேரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் "தற்போது சவூதியில்" என்று குறித்திருந்தேன். ரியாத்தில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த மனிதனைச் சவளக்கடையில் நெல் செய்கிறவராக எழுதி வைத்திருந்தவன் நான். அதைப் பரிசோதித்துக் கையொப்பம் வைத்த கந்தோர்ப் பெரியவர்களுக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

மச்சான் போனபோது வயலை அவருக்கு மூத்த காக்காவிடம் குத்தகைக்குக் கொடுப்பதாகத்தான் கதை இருந்தது. நீங்கள்தான் விடவில்லை. சவூதியிலிருந்து மச்சான் பேசி அனுப்பிய கசெட்டை நாம் எல்லோரும் கூடி இருந்து கேட்டோம். "சரி புள்ள, ஒரு போகம் செய்து பாருங்க. பிழைச்சிதெண்டா காக்காக்கிட்டக் குடுத்திரணும். பிறகு அதில கதை இல்ல." கசெட் முடிந்ததும் காக்கா சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் மகளைக் காட்டி, அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், என்னிடம் சொன்னீர்கள்: "நாளைக்கு இவளுக்குக் குடுக்கிற வயல் தம்பி. அதுல என்ன நடக்கிதெண்டு எனக்கே தெரியாம நான் எப்படி இவளுக்குச் சொல்லிக் குடுக்க?"

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மகளின் பழைய கொப்பியில் விதை ஊறப்போட்ட நாள், தண்ணீர் முறை வரும் நாள், முதல் பசளை போட்ட நாள் எல்லாம் எழுதினீர்கள். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்திய ஆளுக்கு அப்படி ஒரு கையெழுத்து. முல்லைக்காரர் வாரம் ஒரு தரம் வீட்டுக்கு வருவார்; வயலில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர் அவர்தான். அவர் விறாந்தையில் நிற்பார். நீங்கள் திரைக்குப் பின்னால் நின்று கேட்பீர்கள், சொல்வீர்கள். வாப்பா காலத்திலிருந்து உங்கள் வயலில் வேலை செய்த அந்த மனிதருக்கு உங்கள் குரல் தெரியும், முகம் தெரியாது.

எனக்கு முகம் தெரியும். நான் தம்பி. எல்லா வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து உங்கள் வீட்டில்தான் எனக்குச் சோறு. "சேர் வந்திட்டாரு, பாயப் போடுங்க" என்று பகிடி பண்ணிக்கொண்டே மீன் ஆணத்தை இறக்குவீர்கள். நான் தின்னத் தொடங்கியதும் குசினி வாசலில் நின்றுகொண்டு கேட்பீர்கள். கிழமை முழுக்கச் சேர்த்து வைத்த கேள்விகள். இந்த நெல்லுக்கு எத்தனை நாளில் இரண்டாம் பசளை, தண்ணீரை எவ்வளவு நிறுத்துவது, மேட்டுப்பக்கம் புல்லு அடங்குதில்லையே ஏன்.

"முல்லைக்காரருக்குச் சொல்லி இருக்கன் ராத்தா" என்பேன். வட்டையில் இருக்கும்போது அவரைக் கண்டு சொல்லிவிட்டேன், இனி எதற்கு இரண்டாம் தரம். அதுதான் என் எண்ணம். நாங்கள் புத்தி சொல்கிற இடங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வட்டையில், வரம்பில். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில். மற்றபடி கிட்டங்கிக்குப் போகும் வழியில் தேநீர்க் கடையில். இந்த மூன்றில் ஒன்றிலாவது உங்களால் கால் வைக்க முடியுமா என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. பெண்களுக்கும் கந்தோரில் ஒரு வகுப்பு இருந்தது. நீங்களும் ஒரு நாள் போனீர்கள். நெல்லில் பூச்சி கண்டால் என்ன செய்வது என்று அங்கே கேட்டீர்களாம். "அது ஆம்பிளையள்ட வேலை, நாங்க இண்டைக்கு ஜாம் செய்வம்" என்றாளாம் வகுப்பெடுத்த பிள்ளை. பப்பாசிப்பழ ஜாம் ஒரு போத்தலோடு திரும்பி வந்தீர்கள். எனக்குப் பாணில் பூசித் தந்தீர்கள். நல்ல ஜாம்தான்.

இன்னொரு வெள்ளிக்கிழமை என் சைக்கிள் கரியலில் கட்டியிருந்த துண்டுப் பிரசுரங்களில் ஒன்றைக் கேட்டீர்கள். எண்ணித் தந்தது ராத்தா, வட்டையில் வெள்ளாமைக்காரருக்குக் கொடுக்க வேண்டும், குறைந்தால் கேட்பார்கள் என்றேன்.

"அப்ப நான் ஆரு?"

கோபமாகக் கேட்கவில்லை. அடுப்பில் இருந்ததைக் கிண்டிக்கொண்டே கேட்டீர்கள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிரசுரம் தரவில்லை.

அந்தப் பெரும்போகம் நன்றாகத்தான் வந்தது. மழை நேரத்துக்குப் பெய்தது. காக்காவின் வயலைவிட உங்கள் பயிர் ஒரு பிடி உயரம் என்று முல்லைக்காரரே சொன்னார். கதிர் பொதிகிற குடலைப் பருவம் நெருங்கியபோது பள்ளப் பக்கத்தில் அங்கங்கே வட்ட வட்டமாய் மஞ்சள் விழுந்தது. உங்கள் வயலில் மட்டுமில்லை, அந்த வயல் கண்டத்தில் பல பேருக்கு. என்னைக் கூப்பிட ஆள் வந்தது. புதன்கிழமை போனேன்.

நேசம்மா சொன்னது இந்த நாளைத்தான். நாற்பதாம் நாளிலிருந்து இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நினைவில் நிற்பது என் சப்பாத்து. புதுச் சப்பாத்து, கறுப்பு, அந்த மாதம்தான் வாங்கியது. வரம்பில் ஆறேழு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். உங்கள் வயலில் ஏழெட்டுப் பெண்கள் முழங்கால் சேற்றில் குனிந்து இரண்டாம் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வெயிலுக்கு ஆண்களின் நீளக்கைச் சட்டை போட்டு, முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். யார் யார் என்று யார் பார்த்தது. மஞ்சள் விழுந்த இடம் வரம்பிலிருந்து இருபது அடி இருக்கும். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையைச் சுருட்டி, இறங்கி, பயிரை விலக்கி அடியைப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் எங்களுக்குப் படிப்பித்தது. எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. வெயில் வேறு. மழை கழுவிக்கொண்டு போயிருக்கும், பசளைக் குறைவு, என்று வரம்பில் நின்றபடியே முடிவு கட்டினேன்.

"ஏக்கருக்கு அரை அந்தர் யூரியா போடுங்க. தண்ணிய வெட்டி விடாம நல்லாக் கட்டி வைங்க."

இதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சொந்த வயலில், உங்கள் கூலிக்கு வந்தவர்களோடு குனிந்து நின்று, இருபது அடி தூரத்தில் தம்பியின் வாயால். வேறெங்கும் அதைக் கேட்க உங்களுக்கு வழியில்லை என்று வந்திருக்கிறீர்கள். உம்மாவிடம் மருதமுனைக்குச் சேலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தீர்களாம். நான் பேசப் பேச உங்கள் கையில் அந்தப் பூச்சி ஏறிக்கொண்டிருந்தது என்றாள் நேசம்மா. தண்ணீருக்கு மேலே தண்டில் அப்பிக்கொண்டு சாறு குடிக்கிற பழுப்புப் பூச்சி, அறக்கொட்டியான். அதற்கு யூரியா போட்டால் விருந்து வைத்த மாதிரி. தண்ணீரைக் கட்டினால் இன்னும் வசதி. ஒரு முறை நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்களாம். "நீங்க மணிக்கூட்டப் பாத்துக்கிட்டு நிண்டீங்க" என்றாள். முல்லைக்காரர் "குனிஞ்சி புடுங்குங்க புள்ள" என்று சத்தம் போட்டிருக்கிறார். குனிந்திருக்கிறீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் கத்தியிருப்பேன். நீங்கள் வாயைத் திறந்திருந்தால் குரலில் முல்லைக்காரருக்கே தெரிந்திருக்கும். பிறகு ஊருக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும்: பெண்டாட்டி சேற்றில் நிற்கிறாள், ஆண்களுக்கு முன்னால். வட்டையில் எனக்கும் மானம் போயிருக்கும். ஆகவே குனிந்தீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சோற்றோடு ஒரு போத்தலையும் கொண்டுவந்து பாயில் வைத்தீர்கள். ஈரத் துணியில் சுற்றிய இரண்டு தண்டு. போத்தலின் அடியில் ஏதோ பழுப்புத் தூள் மாதிரி.

"தின்னக்குள்ள இத ஏன் ராத்தா கொண்டு வாறீங்க."

"பள்ளப் பக்கத்துப் பயிர்ட அடியில இரிக்கி தம்பி. கையில ஏறுதாம். நிறைய."

"ஆரு சொன்ன?"

ஈரத் துணியை மறுபடி சுற்றினீர்கள். "புல்லுப் புடுங்கிற பொண்டுகள். நேசம்மா குடுத்து உட்டவ."

"நான் போய்ப் பாத்த வயல் ராத்தா. அவளுகள்ற கதையக் கேட்டு வெள்ளாமை செய்யேலா. செத்த பூச்சி எந்த வயல்லயும் கிடக்கும்."

"வரம்புல நிண்டா தலைதான் தெரியும் தம்பி. குனிஞ்சாத்தான் அடி தெரியும்."

அன்றைக்கு அதை ஒரு சொலவடையாக எடுத்துக்கொண்டேன். நன்றாகக் கதைக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். நீங்கள் கண்டதைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இப்போது எழுதும்போதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் இதை எழுத நாலு நாள் எடுத்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து முல்லைக்காரரிடம் யூரியா போட வேண்டாம், தண்ணீரை வெட்டி விடுங்கள் என்றீர்கள். அவர் நேரே என்னிடம் வந்தார். "ராத்தா வேணாம் எண்டுறாவே ஐயா" என்றார். "நான் சொல்றன் போடுங்க" என்றேன். போட்டார். மூன்று நாலு நாள் பயிர் கரும்பச்சையாய் நின்றது. நான் சொன்னது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு மஞ்சள் வட்டங்கள் பெருத்து ஒன்றோடொன்று முட்டின. பிறகு நெருப்பில் எரிந்த மாதிரிப் பழுப்பு. இரண்டு கிழமையில் பள்ளப் பக்கம் முழுக்கப் படுத்துவிட்டது, மேட்டுப் பக்கம் பதராய்ப் போனது. அப்போதுதான் நான் சப்பாத்தைக் கழற்றி இறங்கினேன். பூச்சி என் கணுக்காலில் ஏறியது. ஏறிய பூச்சியைத் தட்டிவிட்டு வரம்பில் ஏறி, கால் கழுவி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மச்சானின் அடுத்த கசெட் வந்தபோது உங்கள் விறாந்தையில் காக்கா, நான், இன்னும் இரண்டு பேர். நீங்கள் திரைக்குப் பின்னால். "வாக்கு வாக்குத்தான் புள்ள. காக்காக்கிட்டக் குடுங்க. பொம்புளைக்கு வெள்ளாமை சரிவராது." கசெட்டை நிறுத்திவிட்டுக் காக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்ச ஆள். என்ன நடந்த தம்பி?"

"அறக்கொட்டியான்" என்றேன். "நேரத்தோட கண்டிருந்தா நிப்பாட்டியிருக்கலாம்."

"காணுறதுக்கு ஒரு ஆம்புள இருக்கணுமே" என்றார் அவர்.

நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் பொய். நான் போடச் சொன்னேன், ராத்தா வேண்டாம் என்றார் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். முல்லைக்காரர் முற்றத்தில்தான் நின்றார்; அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். பிறகு மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கு வழமைபோல் சீனி கூடப் போட்டிருந்தது.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வேலை போய்விடும் என்ற பயம் என்று சொல்லலாம். அது உண்மையில்லை. ஒருவனுக்கும் அதற்கு வேலை போவதில்லை. வட்டையில் நான் சொல்கிறதை இனிக் கேட்க மாட்டார்கள், சிரிப்பார்கள் என்ற பயம். ஒரு பெண் சரியாகச் சொன்னாள், அரசாங்கம் பிழையாகச் சொன்னது என்று தேநீர்க் கடையில் கதைப்பார்கள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காக உங்கள் வயலைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சோறு இருந்தது. "வா தம்பி" என்றீர்கள். சேர் என்ற பகிடி இல்லை. குசினி வாசலில் வந்து நிற்கவும் இல்லை. மகளிடம் கறியைக் கொடுத்து விட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு முறைகூட நெல்லைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. மீனைப் பற்றிக் கதைத்தோம், மழையைப் பற்றி, உம்மாவின் வருத்தத்தைப் பற்றி. மச்சான் திரும்பி வந்தார்; வயல் காக்காவிடமே இருந்தது. மகளின் கொப்பியை என்ன செய்தீர்கள் என்று தெரியாது. உங்களுக்குச் சீனி வருத்தம் கண்டது, காலில் புண் வந்தது, ஆறவில்லை.

எனக்கோ நல்ல காலம். அந்த அழிவுக்குப் பிறகு நான் திருந்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த வட்டைக்குப் போனாலும் முதலில் சப்பாத்தைக் கழற்றினேன். புல்லுப் பிடுங்கும் பெண்களிடம் போய், அடியில் என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். அவர்களுக்குத்தான் எல்லாம் முதலில் தெரிந்தது. நாவிதன்வெளிப் பக்கத்தில் இரண்டு தரம் பூச்சியை ஆரம்பத்திலேயே பிடித்தோம். கந்தோரில் பெரியவர் ஒருவர், இந்த முறையை எங்கே படித்தாய் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அனுபவம் சேர் என்றேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். வரம்பில் நின்றால் தலைதான் தெரியும் என்று அவர்களுக்குச் சொல்லுவேன். குறித்துக்கொள்வார்கள்.

கத்தம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, போன கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் இந்தப் போகத்துப் பூச்சியைப் பற்றிக் கேட்டார்கள். சொல்லத் தொடங்கினேன். நடுவில் நிறுத்தினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என் ராத்தாவின் பயிர் எரிந்தது அவரால் இல்லை, நான் இறங்கிப் பார்க்காமல் யூரியா போடச் சொன்னேன், அவர் வேண்டாம் என்றார், அவர் சொன்னதுதான் சரி, பிழை என்னுடையது என்றேன். உங்கள் மானம் எனக்குத் தெரியும். நீங்கள் சேற்றில் நின்றதை மட்டும் சொல்லவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் நான் பயந்த சிரிப்பு வரவே இல்லை. "அல்லாஹ்ட நாட்டம்" என்றார் ஒருவர். காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். மச்சான் என் தோளில் கை வைத்து, "இனி என்னத்துக்கு மச்சான் இதெல்லாம்" என்றார். பின்னால் நின்ற ஒருவர், அப்ப இந்த முறை என்ன மருந்து அடிக்கிற என்று கேட்டார். சொன்னேன். கலைந்து போனார்கள்.

செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோதுதான் சுற்றிப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு பெண்ணும் இல்லை. இருக்கவும் மாட்டார்கள். உங்களைப் பற்றியதை, மறுபடியும், ஆண்களுக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

அதனால் உங்கள் வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். இப்போது அவள்தான் எனக்குச் சோறு போடுகிறாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள், அடுத்த வருடம் கல்யாணம் பேசுகிறார்கள், அந்த வயல் அவள் பேருக்கு வரும். பள்ளி முற்றத்தில் சொன்னதைச் சொன்னேன். சொல்லாததையும், நேசம்மா சொன்ன அந்தச் சட்டையையும் துண்டையும், அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது என்னை ஏசுவாள். இரண்டும் இல்லை. கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றினாள்.

"உம்மா இரிக்கக்குள்ள இத உம்மாக்கிட்டச் சொல்லி இரிக்கலாமே மாமா."

"ஓம் மகள்" என்றேன்.

எத்தனை வெள்ளிக்கிழமை ராத்தா. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் கையால் ஆக்கிய சோறு என் வாயில் இருந்தது. பள்ளியில் ஊருக்குச் சொன்ன "பிழை என்னுடையது" என்ற அந்த வசனத்தை, இரண்டு சொல்தான் அது, குசினிப் பக்கம் திரும்பி ஒரு தரம் சொல்லியிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும்.